சூரியப் படம் போட்டால் ஃபில்டரின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கத்துக்கு ஒரு சூரியப் படம் வந்திருந்தது. ஆரஞ்சு நிறத்தில் கொதித்துக்கொண்டிருப்பது போன்ற பரப்பு, ஓரத்தில் வளைந்து எழும்பி நிற்கும் பிழம்பு, கீழே ஒரே ஒரு வரி: "அமெச்சூர் ஒருவர் சாதாரண தொலைநோக்கியில் எடுத்த சூரியன்". படம் அருமை, எடுத்தவர் பொறுமைசாலி என்பதும் பார்த்தவுடன் தெரிகிறது. என் புகார் படத்தைப் பற்றியது அல்ல, அந்த ஒரு வரியைப் பற்றியது. சூரியனுக்கான தனி ஃபில்டர் இல்லாமல் சாதாரண தொலைநோக்கியில் அப்படி ஒரு படம் வரவே வராது. வரும் என்று நம்பி, வீட்டில் சும்மா கிடக்கும் தொலைநோக்கியை ஒரு பையன் சூரியன் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அமெச்சூர்கள் எடுத்த சூரியப் படம் எதைப் போட்டாலும், எந்த ஃபில்டர், எந்த ஒளி, எந்த நாள் எத்தனை மணி, நிறம் பிறகு ஏற்றியதா இல்லையா என்ற விவரங்களைப் படத்துக்கு அடியிலேயே போடுங்கள். வாசகருக்கு எதற்கு இந்தத் தொழில்நுட்ப விவரமெல்லாம் என்று உங்கள் பக்க வடிவமைப்பாளர் கேட்கக்கூடும். சூரியப் படத்தைப் பொறுத்தவரை அது உபரி விவரம் இல்லை. எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதையே அதுதான் சொல்கிறது.

ஏனென்றால் சூரியனைப் படமெடுப்பதில் தொலைநோக்கிக்கு இரண்டாம் இடம்தான். படத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை முடிவு செய்வது ஃபில்டர். ஒரே நாள் காலையில், ஒரே அளவுத் தொலைநோக்கியில், வெள்ளொளியில் ஒரு படம், ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் ஒரு படம், கால்சியம் கே-யில் ஒரு படம் (இவை இரண்டும் ஹைட்ரஜனுக்கும் கால்சியத்துக்கும் உரிய குறிப்பிட்ட ஒளிக் கீற்றுகள்) என்று எடுத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விவரம் தெரியாதவர் மூன்று வேறு வேறு நட்சத்திரங்கள் என்றுதான் நினைப்பார்.

வெள்ளொளிப் படம்தான் பெரும்பாலோர் தொடங்கும் இடம். தொலைநோக்கியின் வாயை, அதாவது வெளிச்சம் உள்ளே நுழையும் முன்பக்கத்தை, உலோகப் பூச்சுள்ள மெல்லிய ஃபிலிம் ஒன்றால் மூடுகிறோம். கண்ணால் பார்ப்பதற்கான ஃபிலிமின் அடர்த்தி எண் 5, அதாவது வரும் வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். பாடர் நிறுவனத்தின் ஃபிலிமில் 3.8 என்று இன்னொரு வகையும் உண்டு. அது கேமராவுக்கு மட்டுமானது; முதல் வகையைவிடச் சுமார் 16 மடங்கு வெளிச்சம் விடும், அதில் கண் வைக்கக் கூடாது. இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி வெள்ளித் தாள்தான். இந்த இடத்தில்கூட "சோலார் ஃபிலிம் போட்டு எடுத்தது" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது என்பது தெரிகிறதல்லவா?

அந்த ஃபிலிம் வழியே தெரிவது ஒளிக்கோளம் எனப்படும் பரப்பு. வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். அதில் கரும்புள்ளிகள் இருந்தால் நடுவே அடர்ந்த கருமையும் சுற்றிலும் இழை இழையான சாம்பல் விளிம்பும் தெரியும். அந்தக் கருமையும் நிஜத்தில் கருமை இல்லை. அங்கேயும் 4,000 கெல்வின் அளவுக்கு வெப்பம் இருக்கிறது, சுற்றுப்புறம் அதைவிடப் பிரகாசம் என்பதால் ஒப்பீட்டில் இருட்டாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இன்னும் உற்றுப் பார்த்தால் கீழிருந்து பொங்கி வரும் வாயுக் குமிழிகள் போன்ற குறுமணிகள் தெரியும். ஒவ்வொன்றும் சுமார் 1,000 கிலோமீட்டர் அகலம், பூமியிலிருந்து பார்க்க ஒன்றரை வில்விநாடிகூட (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) இருக்காது. 100 மில்லிமீட்டர் துளையுள்ள தொலைநோக்கியால் பிரித்துக்காட்ட முடிவது ஏறக்குறைய 1.2 வில்விநாடி, ஆக அதன் திறமையின் விளிம்பில் நின்றுகொண்டுதான் அந்த மணிகளைப் பிடிக்க வேண்டும், அதுவும் காற்று ஒத்துழைத்தால். பத்து நிமிடம் போனால் பழைய மணிகள் கலைந்து புதியவை வந்திருக்கும்.

இந்த வெள்ளொளிப் படத்தில் ஓரத்துப் பிழம்புகள் தெரியாது. எத்தனை பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் தெரியாது. உங்கள் வாசகர் ஒருவர் நல்ல ஃபிலிம் வாங்கி, சரியாக மாட்டி, பத்திரமாகப் பார்த்து, கடைசியில் வெள்ளையாக ஒரு வட்டமும் நாலு புள்ளியும் மட்டும் தெரிகிறதே, பத்திரிகையில் வந்த மாதிரி இல்லையே என்று உதட்டைப் பிதுக்குவதற்கு அந்த ஒரு வரியே காரணமாகிவிடும்.

உங்கள் படத்தில் இருந்த பிழம்பைக் காட்டுவது ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளி. ஒளிக்கோளத்துக்கு மேலே நிறக்கோளம் என்று மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அங்குள்ள ஹைட்ரஜன் 656.28 நானோமீட்டர் அலைநீளத்தில், ஆழ்ந்த சிவப்பில், தன் கைவரிசையைக் காட்டுகிறது. ஆனால் கீழேயிருந்து வரும் முழு வெளிச்சம் அதை அமுக்கிவிடுகிறது. மற்ற அலைநீளங்களையெல்லாம் தள்ளிவிட்டு அந்த ஒரு கீற்றை மட்டும் விட்டால்தான் நிறக்கோளம் வெளியே வரும். கீற்று என்றால் எவ்வளவு மெல்லியது? அமெச்சூர்கள் பயன்படுத்தும் ஃபில்டர்களில் 0.7 ஆங்ஸ்ட்ராம், இன்னும் நுணுக்கமானவற்றில் 0.5 ஆங்ஸ்ட்ராம். 0.7 ஆங்ஸ்ட்ராம் என்பது 0.07 நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் மொத்த வீச்சு 300 நானோமீட்டருக்கு மேல். அதை நாலாயிரம் துண்டாக்கி ஒரே ஒரு துண்டை எடுத்தால் எப்படியோ அப்படி.

இதைச் செய்வது எடலான் என்ற சமாச்சாரம். ஓரளவு பிரதிபலிக்கும் பூச்சுள்ள இரண்டு கண்ணாடித் தட்டுகள், மிகத் துல்லியமாக இணையாக, நடுவில் ஒரு நூலிழை இடைவெளி. உள்ளே போன ஒளி இரண்டுக்கும் நடுவே முன்னும் பின்னுமாக எதிரொலித்து, குறிப்பிட்ட சில அலைநீளங்கள் மட்டும் ஒன்றையொன்று பலப்படுத்திக்கொண்டு வெளியே வரும். சீப்புப் பற்களைப் போல வரிசையாக வரும் அந்த அலைநீளங்களில் நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைத் தடுக்க இன்னொரு ஃபில்டர். தட்டைக் கொஞ்சம் சாய்த்தோ, உள்ளே காற்றழுத்தத்தை மாற்றியோ, சில கருவிகளில் சூடேற்றியோ சரியான அலைநீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொரனாடோ, லண்ட் போன்ற நிறுவனங்களின் சூரியத் தொலைநோக்கிகளில் இதெல்லாம் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றால் இரவில் எந்தப் பயனும் இல்லை, சூரியனுக்கென்றே பிறந்தவை. இதைத்தான் உங்கள் பத்திரிகை சாதாரணத் தொலைநோக்கி என்று எழுதியது!

அலைநீளம் இவ்வளவு குறுகலாக இருப்பதால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். பிழம்பு ஒன்று வெடித்துக் கிளம்பி நம் பக்கம் நொடிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். நகரும் பொருளின் ஒளி அலைநீளம் மாறும் டாப்ளர் விளைவால் அதன் ஒளி ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் சற்று அதிகமாக நகர்ந்துவிடும், ஃபில்டரின் கீற்றுக்கு வெளியே போய்விடும். அது அங்கேயேதான் இருக்கும், படத்தில் மட்டும் காணாமல் போயிருக்கும். எடலானைக் கொஞ்சம் திருகினால் திரும்ப வரும். ஆகவே எந்த ஃபில்டர் என்பதோடு, அந்த 656.28 நானோமீட்டர் கீற்றின் நடுவிலா ஓரத்திலா என்றும் தெரிந்தவர்கள் கேட்பார்கள். செய்தித்தாளில் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று நானே ஒப்புக்கொள்கிறேன்.

கால்சியம் கே பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது 393.4 நானோமீட்டர், ஊதாவின் கடைக்கோடி. கண்ணால் பார்ப்பது கஷ்டம், வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடிப்பதால் இன்னும் கஷ்டம், கேமராவுக்கோ பிரச்சினையே இல்லை. கரும்புள்ளிகளைச் சுற்றிக் காந்தப்புலம் பலமாக உள்ள இடங்களெல்லாம் அதில் வெண்மையாக ஒளிரும்.

நிறத்துக்கு வருவோம். சூரியன் ஆரஞ்சு நிறம் இல்லை, வளிமண்டலத்துக்கு வெளியே போய்ப் பார்த்தால் வெள்ளைதான். வெள்ளொளிப் படங்களில் சில ஆரஞ்சாக இருப்பது ஃபில்டரின் குணம்: கறுப்பு பாலிமர் ஃபிலிமில் ஆரஞ்சு வரும், பாடர் ஃபிலிமில் ஏறக்குறைய வெள்ளையாக வரும். ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் நிலைமையே வேறு. அந்தப் படங்களைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை கேமராவில்தான் எடுப்பார்கள், ஏனென்றால் கலர் கேமராவில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கும், மற்ற மூன்றும் தண்டம். ஆக வந்து சேர்வது சாம்பல் நிறப் படம். அப்புறம் கணினியில் உட்கார்ந்து, பிரகாசமான இடத்துக்கு மஞ்சள், இருண்ட இடத்துக்குச் சிவப்பு என்று நிறம் ஏற்றுகிறார்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் தெரிவதோ ஒரே சீரான அடர் சிவப்பு.

போதாததற்குத் தலைகீழாக்குவது வேறு. வட்டத்தின் மேல் குறுக்கே ஓடும் கறுப்பு இழைகளும் ஓரத்தில் பளிச்சென்று நிற்கும் பிழம்புகளும் ஒரே பொருள்தான். பின்னால் ஒளிக்கோளம் இருந்தால் இருட்டாகவும், பின்னால் வெற்று வானம் இருந்தால் பிரகாசமாகவும் தெரிகிறது. வட்டத்தை மட்டும் நெகட்டிவ் ஆக்கினால் இழைகள் வெளிச்சமாகி, நடுப்பகுதி மங்கி ஓரம் ஒளிர்ந்து, சூரியன் உருண்டையாக, தொட்டுப் பார்க்கலாம் போலத் தெரியும். உங்கள் படம் அப்படிச் செய்யப்பட்டதுதான் என்பது என் ஊகம், ஓரம் நடுவைவிடப் பிரகாசமாக இருந்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, நுணுக்கங்களை எடுத்துக்காட்ட எல்லாரும் செய்வது. சொல்லிவிட்டுச் செய்தால் போதும்.

சரி, ஆபத்து விஷயம். மேலே சொன்னதையெல்லாம் இடமில்லை என்று வெட்டினாலும் இதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியின் துளை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். ஒரு சின்ன 60 மில்லிமீட்டர் தொலைநோக்கி அதைப்போல 900 மடங்கு வெளிச்சத்தைச் சேர்த்துத் தரும். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டுவிட்டது என்று கையை இழுப்பதுபோலக் கண்ணை இழுத்துக்கொள்ள வழியே இல்லை. பார்த்து முடித்து, சில மணி நேரம் கழித்து, நடுப்பார்வையில் ஒரு மங்கல் இருப்பதைக் கவனிக்கும்போதுதான் தெரியவரும். 200 மில்லிமீட்டர் பிரதிபலிக்கும் ஆடியுள்ள தொலைநோக்கியென்றால் அதன் மேல் விழும் நல்ல வெயிலின் சக்தி 30 வாட்டுக்கு மேல், சால்டரிங் அயர்ன் அளவு, அதையும் ஒரு சின்ன வட்டத்துக்குள் குவிக்கிறது. அதனால்தான் ஃபில்டர் முன்பக்கம் இருக்க வேண்டும், வெப்பம் உள்ளே நுழையும் முன்பே தடுக்கப்பட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

பழைய சின்னத் தொலைநோக்கிகள் பலவற்றோடு, ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸின்) அடியில் திருகிக்கொள்ள ஒரு கரும்பச்சைக் கண்ணாடி வரும், அதன் விளிம்பில் சூரியன் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். நகம் அளவுதான் இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். லென்ஸ் குவித்த வெப்பம் அத்தனையும் அந்த நகத்தளவுக் கண்ணாடியில் வந்து இறங்கும். அது விரிசல் விடும்போது ஐபீஸில் யாருடைய கண் இருக்கிறதோ அவர் கதி அதோகதி. அந்தத் துண்டு யாரிடம் இருந்தாலும் உடைத்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள், பத்திரப்படுத்தி வைத்தால் என்றைக்காவது யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொலைநோக்கியில் பார்ப்பதும் இதே ரகம். ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கண்ணாடி வெறும் கண்ணுக்கு மட்டுமே; குவிந்த ஒளி அந்த ஃபிலிமைப் பொசுக்கிக்கொண்டு உள்ளே போகும். எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, சிடி தட்டு எதுவும் உதவாது. கேமராக்காரர்கள் பயன்படுத்தும் சாதாரண என்.டி ஃபில்டர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் குறைத்துவிட்டு அகச்சிவப்பைத் தாராளமாக விட்டுவிடலாம். வெளிச்சம் குறைவாகத் தெரிவதாலேயே பத்திரம் என்று நம்பிவிடக் கூடாது.

இதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு, அதைச் சொல்லும்போதுதான் ஃபில்டரின் பெயரை முழுசாகப் போட வேண்டும் என்று நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்பது புரியும். ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டர் என்ற பெயரில் இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று மேலே சொன்ன, சூரியனுக்கான எடலான் அமைப்பு. இன்னொன்று இரவில் நெபுலாக்களை, அதாவது விண்வெளி வாயு மேகங்களை, படமெடுக்கப் பயன்படுவது, அதன் அகலம் 7 நானோமீட்டர் அளவில் இருக்கும், அதாவது சூரிய ஃபில்டரைப்போல நூறு மடங்கு. அதைச் சூரியன் பக்கம் திருப்பினால் நிறக்கோளமும் தெரியாது, பாதுகாப்பும் இல்லை. படத்துக்கு அடியில் வெறுமனே "ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டர்" என்று போட்டீர்கள் என்றால், இரண்டாவது வகையை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் ஆள் என்ன நினைப்பார்? ஆகவே "சூரியனுக்கான" என்ற சொல்லையும் சேர்த்தே போடுங்கள்.

பின்பக்கம் பொருத்தும் சூரியக் கருவிகளும் உண்டு என்று யாராவது உடனே எனக்கு மறுப்பு எழுதக்கூடும். உண்டுதான். டேஸ்டார் குவார்க் என்ற ஹைட்ரஜன் ஆல்ஃபா கருவி ஐபீஸ் பக்கம்தான் போகிறது, ஆனால் அதற்கு முன்னால் வெப்பத்தைத் தடுக்கத் தனி ஃபில்டர் வைப்பார்கள், பெரிய துளையென்றால் அதைத் தொலைநோக்கியின் வாயிலேயே வைப்பார்கள். ஹெர்ஷல் பட்டகமும் பின்பக்கம்தான்: பூச்சில்லாத கண்ணாடியின் ஒரு முகம் சுமார் 5 சதவீத ஒளியை மட்டும் கண் பக்கம் திருப்பும், மிச்சம் முழுக்கப் பின்னால் வெப்பமாக வெளியேறும், அந்த 5 சதவீதத்தையும் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க இன்னொரு ஃபில்டர் வேண்டும். லென்ஸ் வகைத் தொலைநோக்கியில் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம், பிரதிபலிக்கும் ஆடி வகையில் கூடாது. வெள்ளொளியில் மிகத் தெளிவான படங்கள் அதில்தான் வருகின்றன என்பது என் அபிப்பிராயம். தொடங்குகிறவருக்கு ஃபிலிமே போதும். மாட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, காற்றில் பறக்காமல் டேப் ஒட்டி, தேடுதொலைநோக்கியையும் (இலக்கைத் தேடப் பக்கத்தில் பொருத்தியிருக்கும் சின்னத் தொலைநோக்கி) மூடி போட்டு மூடிவிட்டால் ஆயிற்று. ஃபிலிம் சுருக்கமாக இருக்கிறதே என்று இழுத்துக் கட்ட வேண்டாம், தளர்வாக இருப்பதுதான் படத்துக்கு நல்லது.

கேமராவுக்குக் கண் இல்லையே, அதற்கு என்ன ஆகும் என்று கேட்பவர்களும் உண்டு. ஃபில்டர் இல்லாமல் ஐபீஸில் செல்போனை வைத்தால் சென்சார் போய்விடும். ஃபில்டர் இருந்தால் செல்போனிலேயே கரும்புள்ளிகளைப் பிடிக்கலாம், அதில் சிரமமே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்தே கேட்கிறேன்: படத்தை எப்படித் தயாரித்தார்கள் என்பது. சூரியப் படம் ஒரே கிளிக்கில் வருவதில்லை. பகலில் தரை சூடாகிக் காற்று அலைபாயும், அதனால்தான் தார்ச்சாலை, கான்கிரீட் தளம் இவற்றை விட்டுப் புல்தரையையும் நீர்ப்பரப்பையும் தேடிப் போகிறார்கள், பெரும்பாலும் சூரியன் கொஞ்சம் உயர்ந்து தரை இன்னும் சூடாகாத காலை நேரத்தில் எடுக்கிறார்கள். சில மில்லிநொடி எக்ஸ்போஷரில் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஆயிரக்கணக்கான ஃப்ரேம்களை ஃபயர்கேப்சர், ஷார்ப்கேப் போன்ற மென்பொருளில் வீடியோவாகப் பிடிப்பார்கள். அதற்கு மேல் நேரம் எடுத்தால் சூரியனின் பரப்பே மாறிவிடும். ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற ஒன்று அவற்றில் காற்று அமைதியாக இருந்த ஒரு பத்து சதவீதத்தை மட்டும் பொறுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும். அடுக்கியதைக் கூர்மையாக்குவார்கள். பிழம்புகள் வட்டத்தைவிட மிக மங்கல் என்பதால் பெரும்பாலும் இரண்டு எக்ஸ்போஷர்களை எடுத்து ஒட்டுவதும் உண்டு.

கூர்மையாக்குவதில்தான் கை நிற்பதில்லை. கொஞ்சம் அதிகமானால் குறுமணிகள் புழுப்புழுவாக நெளியும், ஓரத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழும். அங்கே இல்லாத நுணுக்கம் அது, மென்பொருள் உண்டாக்கியது. செயற்கை நுண்ணறிவில் கூர்மையாக்கும் கருவிகள் வந்த பிறகு இது இன்னும் மோசம். வருத்தம் என்னவென்றால், பத்திரிகைகளில் இடம் பிடிப்பவை பெரும்பாலும் இப்படி அளவுக்கு மீறித் தீட்டப்பட்டவைதான், அடக்கமாக விட்ட நல்ல படம் மங்கலாக இருக்கிறது என்று ஒதுக்கப்படுகிறது. இதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது, எங்கள் ஆட்களும் அதைத்தான் கை தட்டி வளர்க்கிறார்கள்.

நாளும் நேரமும் எதற்கு என்று கேட்டால் பழைய கதை ஒன்றைச் சொல்லலாம். 1859 செப்டம்பர் 1-ம் தேதி ரிச்சர்ட் கேரிங்டன் என்ற அமெச்சூர், தொலைநோக்கி வழியே திரையில் விழுந்த சூரிய பிம்பத்தில் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, புள்ளிக் கூட்டத்தின் நடுவே திடீரென்று இரண்டு வெண்ணொளித் திட்டுகள் தோன்றி ஐந்து நிமிடத்தில் மறைந்தன. அவர் குறித்த நேரம் கிரீன்விச் கணக்கில் 11 மணி 18 நிமிடம். லண்டன் அருகே கியூ ஆய்வகத்தின் காந்தமானிப் பதிவில் அதே நேரத்தில் ஒரு சின்னத் துள்ளல் இருந்தது, சுமார் 17 மணி நேரம் கழித்துப் பெரும் காந்தப் புயல் அடித்தது. சூரியனில் நடப்பதற்கும் பூமியின் காந்தத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அது வலுவான ஆதாரமாக நின்றதற்குக் காரணம் நேரத்தை எழுதி வைத்ததுதான், படத்தின் அழகு அல்ல. அவருக்கு முன் ஹைன்ரிக் ஷ்வாபே, மருந்துக்கடைக்காரர், 1826-ல் தொடங்கித் தொடர்ந்து புள்ளிகளைக் குறித்து வந்து, 1843-ல் அவை ஏறக்குறைய 10 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன என்றார். இன்று 11 ஆண்டுச் சுழற்சி என்கிறோம், இப்போது நடப்பது 25-வது. கொடைக்கானல் ஆய்வகம் 1904-ம் ஆண்டிலிருந்து சேர்த்து வைத்திருக்கும் சூரியப் படங்களை இன்றைக்கும் ஆய்வாளர்கள் தேடிப் போவதும், ஒவ்வொன்றிலும் நாள், நேரம், எந்த ஒளி என்ற விவரம் இருப்பதால்தான்.

2024 மே மாதம் ஏஆர் 3664 என்ற பெரும்புள்ளிக் கூட்டம் கிரகணக் கண்ணாடியிலேயே தெரியும் அளவுக்கு வளர்ந்ததே, அந்த மாதிரிச் சமயங்களில் உங்களுக்கு நிறையப் படங்கள் வரும். நேரம் போட்டிருந்தால், காலையில் ஓரிடத்தில் எடுத்ததையும் மாலையில் வேறிடத்தில் எடுத்ததையும் ஒப்பிட்டுப் புள்ளி எப்படி மாறியிருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பார்க்க முடியும். வடக்கு எந்தப் பக்கம் என்றும் போட்டால் இன்னும் நல்லது. சில தொலைநோக்கிகள் படத்தைத் தலைகீழாக்கும், சில இடவலம் மாற்றிவிடும், ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்களில் புள்ளிகள் எதிரெதிர்ப் பக்கம் இருப்பதைப் பார்த்துக் குழம்பாதவர் கிடையாது.

கடைசியாக, விண்கலப் படங்களை அமெச்சூர் படங்களோடு கலந்து போடாதீர்கள். "சூரியனில் பெரிய ஓட்டை" என்று அடிக்கடி ஒரு படம் வருமே, அது 2010-ல் ஏவப்பட்ட நாசாவின் எஸ்டிஓ விண்கலம் புறஊதாக் கதிரில் எடுப்பது. அந்தக் கதிரை நம் வளிமண்டலம் விழுங்கிவிடும், தரையில் இருக்கும் எந்தத் தொலைநோக்கிக்கும் அது எட்டாது. அதன் பொன்னிறமும் செந்நிறமும்கூட அலைநீளத்துக்கு ஒன்றாக ஒதுக்கப்பட்டவை. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவும் அப்படித்தான், அமெச்சூர்களுக்கு அது முழுக் கிரகணத்தன்று மட்டும்.

சரி, இத்தனையும் எழுதிவிட்டு ஒரு மாதிரி தராமல் விட்டால் நியாயமில்லை. உங்கள் படத்துக்கு இப்படிப் போட்டிருந்தால் என் வாயை அடைத்திருக்கலாம்: "சூரியனுக்கென்றே தயாரித்த ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கியில் எடுத்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பிறகு நிறம் ஏற்றப்பட்டது. வட்டப் பகுதி நெகட்டிவாக மாற்றப்பட்டுள்ளது. சூரியனுக்கான ஃபில்டர் இல்லாத தொலைநோக்கியில் சூரியனைப் பார்க்கக் கூடாது." இதோடு நாள், நேரம். இரண்டு மூன்று வரிக்கு மேல் போகாது, அரைப் பக்கப் படத்துக்கு அடியில் அந்த இடம் இல்லாமலா போகும்? விவரம் அனுப்பாமல் படம் மட்டும் அனுப்பியிருந்தால் எடுத்தவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார், போதும் என்று நீங்கள் சொன்ன பிறகும் நிறுத்த மாட்டார்.

இப்படிக்கு,
சூரியனைப் படமெடுக்கும் வாசகர் ஒருவர்